சாக்லேட் விலைக்கு விடை கொக்கோ மரத்தடியில் இருக்கிறது

2023 தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் கொக்கோ சுமார் 2,600 டாலருக்கு விலைபோனது. 2024 மார்ச் கடைசியில் அது 10,000 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 12,000 டாலரையும் கடந்து, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அப்புறம் 2025 முழுக்கச் சரிந்து, ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதிக்கு வந்து நின்றது. இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுந்திருக்கும். ஒரு விளைபொருளின் விலை இரண்டே ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல் எப்படி ஏறும்? அவ்வளவு ஏறியும் அதை விளைவிக்கிற குடும்பங்கள் ஏன் இன்னும் கஷ்டத்தில் இருக்கின்றன?

ஈக்வடார், கானா, டிரினிடாட், சாவோ டோமே, பிரேசிலின் பாஹியா என்று பல இடங்களில் இன்று பழைய கொக்கோ தோட்டங்களைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். ஒரு காயை உடைத்துக் காட்டுவார்கள், உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சுவைக்கக் கொடுப்பார்கள், கடைசியில் ஒரு துண்டு சாக்லேட் தருவார்கள். பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த நடையிலேயே கிடைக்கும். மரத்தடிச் சருகிலும், புளித்துக்கொண்டிருக்கும் குவியலிலும், உலர்த்தும் பாயிலும் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

நிழலில் பிறந்த மரம்

கொக்கோவின் தாயகம் தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றின் மேற்பகுதிக் காடுகள். உயர்ந்த மரங்களுக்குக் கீழே, சல்லடையில் சலித்தது போல் வெயில் விழுகிற இடத்தில் வளரும் சிறுமரம் இது. ஈக்வடாரின் சாந்தா ஆனா லா புளோரிடா என்ற இடத்தில் கிடைத்த பழைய பாத்திரங்களில் ஒட்டியிருந்த எச்சங்களை ஆராய்ந்தவர்கள், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் கொக்கோவைப் பயன்படுத்தினார்கள் என்று 2018ல் அறிவித்தார்கள். 1753ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயர் தியோபுரோமா ககாவோ. தியோபுரோமா என்றால் கிரேக்கத்தில் கடவுளரின் உணவு.

இந்த மரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகை, தெற்கே 20 பாகை என்ற பட்டைக்குள்தான் நன்றாக வரும். ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை வேண்டும், அதுவும் ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்ய வேண்டும். குளிரும் பலத்த காற்றும் நீண்ட வறட்சியும் ஆகாது. இந்தப் பட்டைக்குள்ளும் விளைச்சல் ஓரிடத்தில் குவிந்துகிடக்கிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டிலிருந்து வருகிறது. அந்த மூலையில் வானம் பொய்த்தால் உலகம் முழுக்க விலை ஆடும்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அடிமரத்தைப் பாருங்கள். கொக்கோ கிளை நுனியில் பூக்காது. பலாவைப் போல, முதிர்ந்த பட்டையிலிருந்தே பூக்கும், அங்கேயே காய்க்கும். விரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிற அளவில், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, ஐந்து இதழ்கொண்ட பூக்கள் மெல்லிய காம்பில் தொங்கும். பட்டையில் சற்றே புடைத்திருக்கும் ஓரிடத்திலிருந்துதான் பூங்கொத்து கிளம்புகிறது. அதைப் பூ மெத்தை என்று சொல்லலாம். ஒரே மெத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூக்கும். காய் பறிக்கும்போது கத்தி அதில் பட்டுக் காயமானால், அந்த இடத்தில் மறுபடி பூ வராமல் போகலாம். பறிக்கிறவர்கள் காம்பைப் பிடித்துத் திருகாமல், பட்டையோடு ஒட்டாமல் நறுக்குவது இதனால்தான்.

ஒரு மரம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பூக்கும். அதில் 100க்கு ஐந்து பூ காயானாலே அதிகம், பல இடங்களில் ஒன்றிரண்டுதான் ஆகும். திறந்த பூ ஓரிரு நாளுக்குள் மகரந்தம் கிடைக்காவிட்டால் உதிர்ந்துவிடும். தேனீக்கு இந்தப் பூவின் அமைப்பு ஒத்துவராது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளராத, கொசுவை விடச் சிறிய ஒருவகை ஈதான் முக்கியமாக மகரந்தத்தைச் சுமக்கிறது. அந்த ஈ முட்டையிட்டு வளர்வது ஈரமான சருகிலும், அழுகும் வாழைத்தண்டிலும், வெட்டிப் போட்ட காய் ஓட்டிலும்.

பழைய தோட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் குறை சொல்வது தரையைத்தான். கணுக்கால் வரை சருகு, ஆங்காங்கே மக்கும் வாழைமட்டை, பெருக்காத வீட்டு முற்றம் போல இருக்கும். ஆனால் அந்தச் சருகை வாரி எடுத்துவிட்டால் ஈ குறையும், காய் குறையும். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடவும் முடியாது. நோய் பிடித்துக் கறுத்த காயைத் தோட்டத்தில் விட்டால் அதிலிருந்து பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் பரவும். எதை விடுவது, எதை அகற்றுவது என்ற தேர்ந்த கணக்கு ஒன்று அந்தத் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாரம்பரியத் தோட்டம் என்றால் எது?

இந்தச் சொல்லை மூன்று வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

1. காட்டு நிழல் தோட்டம். பாஹியாவின் தென்பகுதியில் இதற்குக் கப்ருக்கா என்று பெயர். அட்லாண்டிக் காட்டின் அடிப்புதர்களை மட்டும் நீக்கி, பெருமரங்களை விட்டுவைத்து, அவற்றின் நிழலில் கொக்கோவை நடுவார்கள். தங்கநிறப் பிடரியுள்ள டாமரின் என்ற சிறு குரங்கு இன்றும் அந்தத் தோட்டங்களில் வாழ்கிறது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கிளைரிசிடியா மரத்தையும், டிரினிடாடில் நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த ஓர் உயர்ந்த மரத்தையும் நிழலுக்காக நட்டார்கள். அந்த மரங்களை ஸ்பானிய மொழியில் கொக்கோவின் தாய் என்றே அழைக்கிறார்கள்.

2. காலனிக் காலப் பண்ணை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளான சாவோ டோமேயிலும் பிரின்சிபியிலும் ரோசா என்று சொல்லப்படும் பண்ணைகள் இந்த வகை. கல் கட்டடங்கள், அகன்ற உலர்த்து களங்கள், தொழிலாளர் குடியிருப்பு, மருத்துவமனை என்று ஓர் ஊரே உள்ளே இருக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த அழகின் அடியில் கட்டாய உழைப்பு இருந்தது. அங்கோலாவிலிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் கொண்டுவரப்பட்டவர்கள் அடிமைகளாகவே நடத்தப்பட்டார்கள். அது வெளியே தெரிந்த பிறகு, 1909ல் கேட்பரி உள்ளிட்ட பிரிட்டிஷ் சாக்லேட் நிறுவனங்கள் அந்தத் தீவுகளின் கொக்கோவை வாங்க மறுத்தன. இதைச் சொல்லாமல் கட்டடத்தை மட்டும் காட்டுகிற சுற்றுலா, பாதியை மறைக்கிறது.

3. குடும்பத் தோட்டம். இன்றைய உலகக் கொக்கோவின் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. இரண்டு முதல் ஐந்து ஹெக்டேர், வீட்டு ஆட்களின் உழைப்பு, இடையில் வாழையும் கிழங்கும் பழமரங்களும். உலகம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படிப் பயிர் செய்கின்றன.

கொக்கோ மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புதியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1822ல் பிரேசிலிலிருந்து பிரின்சிபித் தீவுக்கு வந்தது. 1879ல் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து, இன்றைய கானாவின் மம்போங் என்ற ஊரில் நட்டார். அந்தத் தோட்டத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம். அவர் நட்டு 40 ஆண்டு ஆவதற்குள் அந்த நாடு உலகிலேயே அதிகக் கொக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. பெரும் பண்ணை முதலாளிகளின் துணையில்லாமல், சிறு விவசாயிகள் கையால் நடந்த மாற்றம் அது. விவசாய வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

நிழலா, வெயிலா?

1970களுக்குப் பிறகு பல நாடுகளில் நிழல் மரங்களை வெட்டிவிட்டு, திறந்த வெயிலில் வீரிய ரகங்களை நடும் முறை பரவியது. காரணம் எளிது. வெயிலில் வைத்த மரம் சீக்கிரம் காய்க்கும், முதல் சில ஆண்டுகளில் நிறையவும் காய்க்கும். ஆனால் உரமும் மருந்தும் தொடர்ந்து கேட்கும். மண் காயும், மரம் சீக்கிரம் களைத்துப்போகும். நிழல் தோட்டத்தில் ஆண்டு விளைச்சல் குறைவாக இருந்தாலும் மரம் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும். விழுகிற இலை மண்ணுக்கே உரமாகும். வறட்சி வந்தால் அந்த நிழலே ஈரத்தைக் காக்கும்.

நிழல் அடர்ந்துவிட்டால் வேறு ஆபத்து. காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் காய் அழுகல் நோய் கிளம்பும். இன்று உலக விளைச்சலில் பெரும் இழப்பை உண்டாக்குவது இந்த நோய்தான். அதனால் நல்ல தோட்டக்காரர் ஆண்டுதோறும் கவாத்துச் செய்து, நிழல் மரத்தின் கிளைகளையும் கழித்து, வெளிச்சத்தை அளந்து விடுவார். தோட்டத்தின் நடுவில் நின்று மேலே பாருங்கள். வானம் துண்டு துண்டாகத் தெரிந்தால் நிர்வாகம் சரியாக இருக்கிறது. சுத்தமாகத் தெரியவில்லை என்றாலும், தடையில்லாமல் தெரிகிறது என்றாலும், அதற்கு என்ன காரணம் என்று கேட்டே ஆக வேண்டும்.

நிழல் முறையைப் பழமை என்று ஒதுக்கியது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். அதற்காக, விளைச்சல் குறைவதால் வரும் வருமான இழப்பை விவசாயி மட்டும் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பழத்திலிருந்து கொட்டை வரை

பூ காயாகிப் பழுக்க ஐந்து ஆறு மாதம் ஆகும். பச்சைக் காய் மஞ்சளாகும், சிவப்புக் காய் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். கைக்கு எட்டுவதைக் கத்தியால் நறுக்குவார்கள், எட்டாததைத் தொரட்டியால் அறுப்பார்கள். மரக்கட்டையால் தட்டி ஓட்டைப் பிளந்தால், நடுத்தண்டைச் சுற்றி ஐந்து வரிசையில் 30, 40 விதைகள், ஒவ்வொன்றும் வெள்ளைச் சதையால் மூடியிருக்கும். அந்தச் சதை இனிப்பும் புளிப்புமாக, சீத்தாப்பழச் சுளையை நினைவூட்டும். சாக்லேட்டின் சாயல்கூட அதில் இருக்காது. விதையைக் கடித்தால் நாக்கைச் சுருட்டும் கசப்பும் துவர்ப்பும்தான். குறுக்கே வெட்டினால் உள்ளே கத்தரிப்பூ நிறம்.

அப்படியென்றால் சாக்லேட் மணம் எங்கிருந்து வருகிறது? அடுத்த ஒரு வாரத்தில் நடக்கிற புளித்தலிலிருந்துதான் அது தொடங்குகிறது. புத்தகத்தில் இதை நொதித்தல் என்பார்கள்.

கானாவில் சதையோடு கூடிய ஈர விதைகளை வாழை இலை மேல் குவித்து, வாழை இலையாலேயே மூடிவிடுவார்கள். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் மரப்பெட்டி. பெரும்பாலான ரகங்களுக்கு ஐந்து முதல் ஏழு நாள், மென்மையான கிரியோல்லோ ரகத்துக்கு இரண்டு மூன்று நாளே போதும். உள்ளே நடப்பது இதுதான்:

1. முதல் ஒன்றரை நாள் ஈஸ்ட்டுகளின் வேலை. சதையில் உள்ள சர்க்கரையைச் சாராயமாக்கும். சதை கரைந்து, அடியிலிருந்து கலங்கிய திரவம் வடியும். பக்கத்தில் நின்றால் கள் வாடை அடிக்கும்.

2. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அப்புறம் பெருகும். இந்தக் கட்டம் குறுகியது.

3. இரண்டாம் நாள் குவியலைப் புரட்டிவிடுவார்கள். காற்று உள்ளே போனதும் அசெட்டிக் அமில பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டு, சாராயத்தைக் காடியாக, அதாவது வினிகராக, மாற்றும். இந்த வேதிமாற்றம் கடும் சூட்டை உண்டாக்கும். குவியல் 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை போகும். கையை உள்ளே விட்டால் நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது. வாடையும் மாறி, காடி மூக்கைத் துளைக்கும்.

4. அந்தச் சூட்டிலும் அமிலத்திலும் விதை செத்துவிடும். இனி அது முளைக்காது. செல் சுவர்கள் உடைந்து, தனித்தனியாக அடைபட்டுக் கிடந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கும். புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகும், சர்க்கரையும் எளிய வடிவத்துக்கு மாறும். துவர்ப்புத் தரும் பொருள்கள் குறையும். கத்தரிப்பூ நிறம் பழுப்பாகும்.

பிறகு தொழிற்சாலையில் வறுக்கும்போது, அந்த அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்துதான் நாம் சாக்லேட் மணம் என்று அறிகிற மணத்தைத் தருகின்றன. புளிக்காத கொட்டையை எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் வறுத்தாலும் அந்த மணம் வராது. சாக்லேட்டின் சுவையில் பெரும்பங்கை, தொழிற்சாலையைக் கண்ணால் பார்த்திராத ஒரு குடும்பம், வாழை இலையையும் மூக்கையும் வைத்துக்கொண்டு முடிவு செய்கிறது. கடைசியில் கிடைக்கும் பணத்தில் அவர்களுடைய பங்கு மிகச் சிறியது என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

அடுத்தது உலர்த்தல். ஈரம் ஏழெட்டு சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கானாவில் மூங்கில் பாயை மேடை மேல் விரித்து, ஒரு வாரம் போலக் காயவைத்து, அவ்வப்போது கையால் கிளறிவிடுவார்கள். டிரினிடாடின் பழைய பண்ணைகளில் களத்துக்கு மேலே கூரையைத் தண்டவாளத்தில் ஏற்றியிருப்பார்கள். மழை வந்தால் இழுத்து மூடிவிடலாம். அங்கே வெறுங்காலோடு கொட்டைகள் மேல் கால் தேய்த்து நடந்து மெருகேற்றும் பழக்கமும் உண்டு, அதைக் கொக்கோ நடனம் என்று சொல்வார்கள். வெயில் போதாத இடத்தில் விறகு மூட்டிக் காயவைத்தால் புகை வாடை கொட்டையில் ஏறிவிடும். அதை வாங்குகிறவர் விலை குறைப்பார்.

தரம் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. கொட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நிறம் பார்ப்பார்கள். பழுப்பும் உள்ளே வெடிப்பும் இருந்தால் நன்றாகப் புளித்தது. கத்தரிப்பூ நிறம் என்றால் அரைகுறை. கற்பலகைச் சாம்பல் நிறம் என்றால் புளிக்கவே இல்லை. அழைத்துப்போகிறவரிடம் ஒரு கொட்டையைப் பிளந்து காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

கணக்கையும் அங்கேயே போட்டுவிடலாம். ஒரு கிலோ உலர்ந்த கொட்டைக்கு 20 முதல் 30 காய் வரை வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 400, 500 கிலோ கிடைத்தாலே சராசரி. மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டில் ஒன்றரை டன்னுக்கு மேல் தேறாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரகப் பெயர்கள்

கிரியோல்லோ, போராஸ்டெரோ, டிரினிடாரியோ என்று மூன்று பெயர்களைச் சுற்றுலாவில் கட்டாயம் சொல்வார்கள். முதலாவது மணமுள்ளது, நோய்க்குச் சீக்கிரம் ஆளாவது. இரண்டாவது திடமானது, உலகில் பெரும்பாலும் விளைவது. மூன்றாவது இரண்டின் கலப்பு. 1727ல் டிரினிடாடின் பழைய மரங்கள் பெருமளவு அழிந்த பிறகு, வெளியிலிருந்து கொண்டுவந்த மரங்களோடு எஞ்சியவை கலந்து உருவானது. இந்தப் பிரிவினை வியாபாரத்துக்குப் போதும், அறிவியலுக்குப் போதாது. 2008ல் வெளியான மரபணு ஆய்வு பத்து குழுக்களை இனம் கண்டது. உலகத்தின் முக்கியமான கொக்கோ மரபணு வங்கிகளில் ஒன்று இன்று டிரினிடாடில் இருக்கிறது. நோய் தாங்கும் ரகம் வேண்டும் என்றால் தேட வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

சரி, 2023ல் என்ன ஆனது?

தனி ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. பல ஆண்டாகச் சேர்ந்தவை ஒரே பருவத்தில் வெளிப்பட்டன.

1. மரங்களுக்கு வயதாகிவிட்டது. கொக்கோ மரம் நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கி, 25, 30 ஆண்டு வரை நன்றாகக் காய்க்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பகுதி மரங்கள் அந்த எல்லையை நெருங்கிவிட்டன அல்லது தாண்டிவிட்டன. விலை குறைவாகவே இருந்த ஆண்டுகளில் பழைய மரத்தை வெட்டிப் புதிதாக நட யாரிடம் பணம் இருந்தது?

2. தண்டு வீக்க வைரஸ். 1936ல் கானாவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. மாவுப்பூச்சி பரப்புகிறது. எறும்புகள் அந்தப் பூச்சியை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சுமந்துபோகும். இளந்தண்டு வீங்கும், இளம் இலையின் நரம்பு சிவக்கும், கடுமையான வகை தாக்கினால் இரண்டு மூன்று ஆண்டில் மரம் சாகும். மருந்து கிடையாது. தாக்கிய மரத்தையும் சுற்றியுள்ள மரங்களையும் வெட்டிவிட்டு, புது நாற்று நட்டு, ஆண்டுக்கணக்கில் வருமானமில்லாமல் காத்திருக்க வேண்டும். அதனால்தான் பலர் நோய் தெரிந்தும் வெட்டத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்திலேயே நோய் மேலும் பரவுகிறது.

3. வானிலை. 2023ல் அளவுக்கு மீறிய மழை, அதனால் காய் அழுகல். பின்னாலேயே எல் நினோவோடு வறட்சி, கூடவே சகாராவிலிருந்து வீசும் வறண்ட ஹர்மட்டான் காற்று. பூ உதிர்ந்தது, பிஞ்சு கருகியது.

4. தங்கம். கானாவில் உரிமமின்றித் தங்கம் தோண்டுகிறவர்கள் கொக்கோ நிலத்தை வாங்கியோ வளைத்தோ குழி பறித்தார்கள். மரம் போனதோடு ஆற்று நீரும் கெட்டது.

விளைவு: 2020–21ல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த கானாவில் 2023–24ல் ஏறக்குறைய அதில் பாதிதான் விளைந்தது. உலக அளவில் அந்தப் பருவத்தில் தேவைக்கும் விளைச்சலுக்கும் இடையே சுமார் ஐந்து லட்சம் டன் பற்றாக்குறை. சாக்லேட் நிறுவனங்கள் கையிருப்புக்கு அடித்துக்கொண்டன, சந்தையில் விலை தலைதெறிக்க ஏறியது.

நோய் ஒரு பகுதியையே வீழ்த்தும் என்பதற்குப் பாஹியாவும் சாட்சி. 1989ல் அங்கு துடைப்ப நோய் நுழைந்தது. பூஞ்சை தாக்கிய கிளையில் துளிர்கள் கொத்துக் கொத்தாகத் துடைப்பம் போல் முளைத்துக் காயும். பத்தே ஆண்டில் பிரேசிலின் விளைச்சல் பல மடங்கு சரிந்து, ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

விலை ஏறியது, பணம் ஏன் வரவில்லை?

முன்பேரச் சந்தை என்றால், பல மாதம் கழித்துக் கைமாறப்போகும் பொருளுக்கு இன்றே விலை பேசி முடிப்பது. செய்தியில் வருகிற டாலர் கணக்கு அந்தச் சந்தையின் விலை. விவசாயியின் கைக்கு வருவது வேறு.

கானாவில் 1947ல் அமைந்த கொக்கோ வாரியமும், ஐவரி கோஸ்ட்டில் அரசின் காபி கொக்கோ மன்றமும் பருவத் தொடக்கத்தில் கொள்முதல் விலையை நிர்ணயிக்கின்றன. அந்த விலையை அறிவிப்பதற்கு முன்பே, வரப்போகும் விளைச்சலின் பெரும்பகுதியை வெளிநாட்டு வாங்குநர்களுக்கு முன்கூட்டியே விற்றுவிடுகிறார்கள். விலை விழுந்தால் விவசாயிக்கு இது பாதுகாப்பு. விலை ஏறினால் இதுவே தடை.

ஐவரி கோஸ்ட்டில் 2023 அக்டோபரில் அறிவித்த விலை, அந்த நாட்டு நாணயத்தில், கிலோவுக்கு 1,000 சிஎஃப்ஏ பிராங்க். 2024 ஏப்ரலில் 1,500 ஆக்கினார்கள். டன் கணக்கில் அது சுமார் 2,450 டாலர். அதே மாதத்தில் உலகச் சந்தை விலை 10,000 டாலருக்கு மேல் போயிருந்தது. 2024 அக்டோபரில் 1,800, 2025 ஏப்ரலில் 2,200, 2025 அக்டோபரில் 2,800 என்று படிப்படியாக ஏற்றினார்கள். கடைசி ஏற்றம் வந்த நேரத்தில் உலக விலை இறங்கி அந்தத் தொகையை நெருங்கத் தொடங்கியிருந்தது. இப்போது அந்த ஒன்றரை டன் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். விலை உச்சத்தில் இருந்தபோது நோயால் அவர்களிடம் ஒரு டன்கூட இருந்திருக்காது. இருந்ததற்கும் பழைய விலைதான் கிடைத்தது.

ஈக்வடாரில் இப்படி அரசு விலை கிடையாது. உலக விலையை ஒட்டியே விவசாயிக்கும் கிடைக்கும். அதனால் அங்கே ஏற்றத்தின் பலன் உடனே தெரிந்தது, நடவும் கூடியது. விலை விழும்போது அடியும் உடனே விழும். இரண்டு முறையில் எது நல்லது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிலையான விலை தருகிற வாரியம், ஏற்றக் காலத்தில் சேர்ந்ததில் ஒரு பகுதியையாவது விவசாயிக்குத் திருப்பித் தர வழிவகை இல்லாமல் இருப்பது குறைபாடு என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 2020–21 பருவத்திலிருந்து கானாவும் ஐவரி கோஸ்ட்டும் வாங்குநர்களிடம் டன்னுக்கு 400 டாலர் கூடுதலாக வசூலிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. நல்ல முயற்சிதான், ஆனால் அது மட்டும் போதவில்லை.

காடும் குழந்தைகளும்

வருமானம் குறைந்தால் இரண்டு இடங்களில் கை வைப்பார்கள். ஒன்று, புதிய மண் தேடிக் காட்டை வெட்டுவது. 1960க்குப் பிறகு ஐவரி கோஸ்ட் தன் காட்டில் பெரும்பகுதியை இழந்துவிட்டது, அதற்கு முக்கியக் காரணங்களில் கொக்கோவும் ஒன்று. இன்னொன்று, கூலி கொடுக்க முடியாத வேலையைக் குழந்தைகள் தலையில் வைப்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2020ல் வெளியிட்ட கணக்குப்படி, ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் சேர்த்து சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் கொக்கோ வேலையில் இருந்தார்கள். கத்தி பிடிப்பது, மருந்து தெளிப்பது, பாரம் சுமப்பது போன்ற ஆபத்தான வேலைகளில்தான் அவர்களில் பெரும்பாலோர் இருந்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த சட்டம் காட்டழிப்பைத் தடுக்கும் நோக்கம் கொண்டது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த கொக்கோவை அங்கே விற்க முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்பதை வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி இருமுறை தள்ளிப்போய், இப்போது 2026 டிசம்பர் என்று நிற்கிறது. பாஹியாவின் கப்ருக்கா போன்ற பழைய நிழல் தோட்டங்கள் இந்தக் கேள்வியில் பொதுவாகத் தேறிவிடும். நிலப் பத்திரமே இல்லாத சிறு விவசாயிகளுக்குத்தான் சிக்கல்.

போகிறவர்கள் கேட்க வேண்டியவை

மரத்தின் வயது என்ன, கடைசியாக எப்போது நட்டீர்கள் என்று கேளுங்கள். சென்ற பருவத்தில் கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது, யார் வாங்கினார்கள், எடை போட்டது யார் என்று கேளுங்கள். நிழல் மரங்களில் எவற்றை விற்க முடியும் என்பதும் பயனுள்ள கேள்வி, ஏனென்றால் அந்த வருமானம்தான் கொக்கோ கைவிட்ட ஆண்டுகளில் வீட்டைத் தாங்கும். அறுவடை நடக்கும் மாதமாகப் பார்த்துப் போனால் குவியலைப் புரட்டுவதைப் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை.

தோட்டத்தின் ஓரத்தில், வாழை நிழலில், முழங்கால் உயர நாற்றுகள் வரிசையாக நின்றால் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். உச்ச விலையைப் பார்த்து நம்பிக்கையோடு 2024ல் நட்டவை காய்க்கத் தொடங்குவது 2027க்கும் 2029க்கும் இடையில்தான். அந்தக் காய் களத்தில் காயும்போது கிலோவுக்கு என்ன விலை இருக்கும் என்பது நட்டவருக்குத் தெரியாது. வாழையை இப்போது வெட்டுவதா, நாற்றுக்கு இன்னும் ஒரு வருடம் நிழல் கொடுப்பதா என்பதுதான் இன்றைக்கு அவர் முன்னால் இருக்கும் கேள்வி.